தென்குமரியின் ஆவணங்களும் நமது பொறுப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கோதையாற்றின் குறுக்கே எழுந்து நிற்கும் பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கப்பெற்று 1906இல் நிறைவெய்தியது. திருவிதாங்கூரை ஸ்ரீமூலம் திருநாள் ஆண்ட காலம் அது. அணையை அமைத்த ஆங்கிலப் பொறியாளர் மிஞ்சினை மக்கள் ‘மூக்கன் துரை’ என்று அழைத்தனர். அவருடைய கல்லறை அணையின் அருகிலேயே உள்ளது. நாஞ்சில் நாட்டு வயல்கள் இன்றும் இவ்வணையின் நீரை உண்டு விளைகின்றன.

இந்த அணையின் வரலாற்றை ஒருவர் எழுதப் புகுந்தால் எங்கே செல்ல வேண்டும்? அணை இருப்பது தமிழ்நாட்டில். அதனைக் கட்டிய அரசின் தலைநகரமோ திருவனந்தபுரம். திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் நேசமணி முதலானோர் தலைமையில் நடந்தது. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. எல்லை இடம் மாறியது. அதுவரை சேர்ந்திருந்த அரசு ஏடுகள் பெரும்பாலும் பழைய தலைநகரிலேயே தங்கிவிட்டன. கேரள ஆவணக் காப்பகத்தில் கோடிக்கு மேற்பட்ட ஓலைகள் உள்ளன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை எனப் பல எழுத்துகளில் அமைந்தவை அவை. அவற்றைப் படிக்க வல்லோர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். ஆகவே குமரி மாவட்டத்தின் நினைவு இரு மாநிலங்களிலும் இரு மொழிகளிலும் பல எழுத்துகளிலும் சிதறிக் கிடக்கிறது என்றால் மிகையாகாது.

அரசின் ஏடுகளில் அரசின் குரலே மிகுதியாகக் கேட்கும். மக்களின் குரலைக் கேட்க வேண்டுமாயின் தனியார் இல்லங்களை நாட வேண்டும். இதற்கு நாஞ்சில் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஓலைகளே அச்சான்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றை ஆய்வுலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார், பின்னர் அ.கா. பெருமாள் அவற்றை நூலாக்கினார். நிலம், வரி, அடிமை விற்பனை, நாட்டார் கூட்டங்கள் ஆகியவை பற்றி இவ்வோலைகள் தரும் செய்திகளை வேறெங்கும் எளிதில் காண இயலாது. ஒரு குடும்பம் தன் பரணைக் காத்தது. அதனால் ஒரு நாட்டின் வரலாறு பிழைத்தது.

இனி நமது சமுதாயத்தின் பக்கம் திரும்புவோம். பேச்சிப்பாறையில் வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1905 ஜனவரியில், ‘சுதேசாபிமானி’ என்னும் மலையாள இதழை வக்கம் அப்துல் காதிர் மௌலவி தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் தருவித்தவர் அவர். கே. ராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக அமர்த்தி, எழுத்துரிமையில் தலையிடாது விட்டுவைத்தார். திவானின் நிர்வாகத்தை இதழ் கடுமையாகச் சாடியது. 1910 செப்டம்பர் 26இல் அரச ஆணைப்படி அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். மௌலவி தம் செல்வத்தை இழந்தார், கொள்கையை இழக்கவில்லை. அரச ஆணையை மட்டும் கொண்டு வரலாறு எழுதினால் இதழ் குற்றவாளியாகவே தோன்றும். அது உண்மையில் என்ன எழுதியது என்பதை அதன் பக்கங்களே சொல்ல முடியும். அப்பக்கங்களைக் காப்பது வாசித்தவர்களின் கடமையாகிறது.

தமிழிலும் இதே நிலைதான். இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) சீறாப்புராணத்திற்கு உரை கண்டவர். நூறு செயல்களில் ஒருசேரக் கவனம் செலுத்தும் சதாவதானத்தை 1907இல் சென்னையில் நிகழ்த்தியவர். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வருமுன் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வெளிவந்தது. நாவல் நூலகங்களில் கிடைக்கிறது. அது வெளிவந்த இதழ்களை நம்மில் எத்தனை பேர் வைத்திருக்கிறோம்? ‘தாருல் இஸ்லாம்’ போன்ற முன்னோடி இதழ்களைக் குறித்தும் இதே வினாவை எழுப்பலாம்.

அரபுத் தமிழ் ஏடுகளின் இழப்பு இன்னும் வேதனையானது. பழைய இதழ்கள் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போவது அலட்சியத்தால். அரபுத் தமிழ்ச் சுவடிகள் அழிவதோ மரியாதையினால். சிதைந்த திருக்குர்ஆன் தாள்களைக் காலில் படாதபடி கடலிலோ கிணற்றிலோ சேர்ப்பது நம் முன்னோர் பேணிய ஒழுக்கம். அரபு எழுத்தைக் கண்டதும் வேதமென்றே கருதி, பாட்டும் மருத்துவக் குறிப்பும் கடிதமும் கணக்கும் அவற்றோடு சேர்த்துக் கரைக்கப்பட்டன. நல்லெண்ணத்தோடு நடந்த இவ்விழப்பை எந்தப் பட்டியலும் கணக்கிட்டதில்லை.

தனிமனித முயற்சி என்ன செய்யக்கூடும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு பாடம். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என ஏறத்தாழ ஓரிலட்சம் பொருள்களைச் சேர்த்தார். அவரது மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த துயரைக் கண்ட ஈழத் தமிழர், 2005 முதல் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தில் தம் இதழ்களையும் நூல்களையும் ஆவணப்படுத்தி வருகின்றனர். ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது ஆபத்து என்பதே அத்தீ நமக்குப் புகட்டும் பாடம்.

அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் ஒரு நபிமொழியையும் ஏற்காத மரபில் வந்தவர்கள் நாம். யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று ஆயிரமாண்டுகட்கு முன்பே கணக்கு வைத்த சமுதாயம், நூறாண்டுக்கு முற்பட்ட தன் பத்திரிகைகளுக்குச் சான்று காட்ட இயலாமல் நிற்பது பொருந்துமா? தக்கலை, திருவிதாங்கோடு, இடலாக்குடி, தேங்காய்ப்பட்டணம் ஆகிய ஊர்களில் ஜமாஅத்துகள் மனம் வைத்தால் பெருஞ்செலவின்றி ஒரு தொடக்கம் செய்யலாம். இல்லந்தோறும் உள்ள பழைய கிதாபுகள், இதழ்கள், திருமண அழைப்பிதழ்கள், பள்ளிவாசல் கணக்கேடுகள் ஆகியவற்றை முதலில் பட்டியலிட வேண்டும். அரபு எழுத்துள்ள தாள்களைக் கரைக்குமுன் அரபுத் தமிழ் அறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்ட வேண்டும். படமெடுத்த படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்க வேண்டும். மூலம் உரியவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

பேச்சிப்பாறையில் மழைநீரைத் தேக்கி வைத்ததனால்தான் கோடையிலும் வயல் விளைகிறது. நினைவுக்கும் அத்தகைய தேக்கம் வேண்டும்.