நெய்வேலி: தண்ணீர் தேடிய இடத்தில் கிடைத்த நிலக்கரி

நெய்வேலி என்றதும் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் கதை தொடங்கியது தண்ணீரில்!

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருளும் வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி (லிக்னைட்). மண்ணில் புதைந்த தாவரங்கள் பல லட்சம் ஆண்டுகளில் மாறி உருவானது. கருப்பு நிலக்கரியை விட இதில் ஈரம் அதிகம், வெப்பம் குறைவு. தொலைவுக்கு ஏற்றிச் சென்றால் கட்டுப்படியாகாது. அதனால்தான் சுரங்கத்தின் அருகிலேயே அனல்மின் நிலையம் கட்டினார்கள்.

1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுச் சோதித்தது. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது; 1962-ல் மின்சாரம் வந்தது.

இதற்குப் பெரிய தடையாக இருந்ததும் தண்ணீர்தான். நிலக்கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்தோடு இருக்கிறது. மேல்மண்ணை அகற்றினால் அது பொங்கி வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். எனவே சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள்.

அந்த நீரையும் நிலத்தையும் நம்பியிருப்பவர்கள் விவசாயிகள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கக் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கின. நாம் போடும் ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் யாரோ ஒருவரின் வயல் இருக்கிறது!