விற்ற நிலமும் விதித்த வரியும்

நிலத்தின் விலை தானே உயர்வதன்று. காடு திருத்தியவர் உழைப்பும், அரசு அமைத்த சாலையும், அருகே வளர்ந்த நகரமும் சேர்ந்தே அதனை உயர்த்துகின்றன. ஆதலின், விளைநிலம் கைமாறும்போதும் பயன் மாறும்போதும் அவ்வுயர்வில் ஒரு பங்கு பொதுக் கருவூலத்தைச் சேர வேண்டும் என்னும் கொள்கை பிறந்தது. மலேசியத் தோட்ட நிலங்களில் அக்கொள்கை நடந்த வழி, இந்நாட்டுத் தமிழர் வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய உடைமையாளர் பலர் தம் இரப்பர்த் தோட்டங்களை விற்கலாயினர். மொத்தமாக வாங்கியோர் அவற்றைத் துண்டுகளாக்கி விற்று ஆதாயம் கண்டனர். தொழிலாளரோ வேலையையும் லயத்து வீட்டையும் ஒருங்கே இழந்தனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்தார். துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு, 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது.

1966 சனவரி முதல் நாள் தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அதில் சேர்க்கப்பட்ட 214ஏ பிரிவு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் இசைவு வேண்டும் என்று விதித்தது. இது விற்பனைக்கு இட்ட கடிவாளமாகும்.

அடுத்து வந்தது வரி. நிலத்தை வாங்கி விரைவில் விற்று ஊதியம் காண்போரை அடக்க 1974இல் நில ஊக வாணிப வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தை 1976ஆம் ஆண்டின் சொத்து ஆதாய வரிச் சட்டம் பெற்றது. இவ்வரி மத்திய அரசைச் சேர்வது. நிலமோ மாநில அதிகாரத்திற்கு உட்பட்டது. வேளாண்மைக்கென்று பட்டா பெற்ற நிலத்தில் வீடோ தொழிற்சாலையோ கட்ட வேண்டின், மாநில அரசிடம் வகைமாற்றம் பெற்றுப் பிரிமியம் செலுத்த வேண்டும். ஆண்டுதோறும் கட்டும் நிலவரியும் உயரும். இவ்வாறு விற்பனைக்கு ஒரு கருவூலமும் பயன் மாற்றத்திற்கு மற்றொரு கருவூலமும் பங்கு கொண்டன.

ஆதாய வரியின் அளவுகோல் காலம். விரைந்து விற்பவருக்கு வரி மிகுதி. நெடுங்காலம் வைத்திருந்தவருக்குக் குறைவு. 2007 ஏப்ரல் முதல் 2009 இறுதிவரை இவ்வரிக்கு விலக்களிக்கப்பட்டது. 2010 முதல் 2013 வரை, ஐந்தாண்டு கடந்து விற்றவர்க்கு வரியே இல்லை. 2014இல் நிறுவனங்களுக்கு முதல் மூன்றாண்டுக்குள் விற்றால் நூற்றுக்கு 30 என்றும், ஐந்தாண்டு கடந்தால் 5 என்றும் அமைந்தது. பின்னது 2019இல் 10 ஆயிற்று. ஊக வாணிபரைத் தடுக்க இம்முறை பொருத்தமானதே. ஆயின், தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தை வைத்திருந்த நிறுவனத்தை அது மென்மையாகவே தொட்டது.

அதே நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவர் நிலை யாது? சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமாயிற்று. சீபீல்ட் தோட்டத்தில் 1976 முதல் சுபாங் ஜெயா எழுந்தது. தோட்ட வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போவது. ஆட்குறைப்பு நலன் பற்றிய 1980ஆம் ஆண்டு விதிகள், ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம் வகுத்தன. முப்பது ஆண்டு பால் மரம் சீவியவருக்கு 600 நாள் கூலி. அதாவது இரண்டாண்டுக் கூலிகூட இல்லை. நில விலையின் உயர்வில் அவருக்குப் பங்கில்லை. சில தோட்டங்களில் மாற்று வீடுகளும் பள்ளிக்கு நிலமும் கிடைத்தன. அவை பெரும்பாலும் கேட்டும் போராடியும் பெற்றவை. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் ஏறத்தாழ 530ஆகக் குறைந்தமைக்குத் தோட்டங்கள் மறைந்ததும் ஒரு காரணமாகும்.

உடைமையாளர் நிலத்தை எத்தனை ஆண்டு வைத்திருந்தார் என்று வரிச் சட்டம் கேட்டது. உழைப்பாளர் அங்கு எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று அது கேட்கவில்லை. உயர்ந்த விலையில் பொதுமக்களுக்குப் பங்குண்டு என்பது நேரிய கொள்கை. அப்பொதுமக்களுள் காட்டைத் திருத்தியவரும் அடங்குவர் என்பதை ஏற்கும்போதே அக்கொள்கை நிறைவுறும்.