ஆவணமாகிய அங்காடி: பழைய பலசரக்குக் கடைகளின் மீட்பும் அந்தமான் தமிழர் வரலாறும்

முன்னுரை

மரபுப் பாதுகாப்பு என்றவுடன் கோயில், கோட்டை, அரண்மனை ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் நாள்தோறும் சென்று வந்த கடை அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. அரிசி, புளி, மருந்துச் சரக்கு, விளக்கெண்ணெய், ஆணி, கடிதத்தாள் எனப் பலவற்றையும் ஒரே கூரையின்கீழ் விற்ற ஊர்ப்புறப் பலசரக்குக் கடை, உரிமையாளர் மறைந்தபின் பூட்டப்படுகிறது. சில ஆண்டுகளில் இடிக்கப்படுகிறது. இத்தகைய கடைகளைத் தன்னார்வலர்கள் முன்னின்று மீட்டெடுக்கும் முயற்சிகள் உலகின் சில பகுதிகளில் நடைபெற்றுள்ளன. அம்முயற்சிகளின் ஒளியில் அந்தமானின் ராஸ் தீவிலுள்ள ஒரு கடையின் இடிபாட்டை நோக்கி, கடை மீட்பில் தமிழாய்வாளர்க்கு உரிய பங்கு யாது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆவணம் என்னும் சொல்

பட்டினப்பாலையில் 'ஆவணம்' என்னும் சொல் கடைத்தெருவைக் குறிக்கிறது. பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் அதுவே அடிமையோலையைக் குறிக்கிறது. சோழர்காலக் கல்வெட்டுகளில் வரும் 'விலையாவணம்' விற்பனைப் பத்திரமாகும். இன்று நாம் சான்றேடுகளை ஆவணம் என்றும், அவற்றைத் தொகுத்து வைக்கும் இடத்தை ஆவணக் காப்பகம் என்றும் வழங்குகிறோம். இவ்விரு பொருள்களும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தனவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் கொடுக்கல் வாங்கல் நடைபெற்ற இடமும் அதனை உறுதிப்படுத்திய எழுத்தும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டமை சிந்தனைக்குரியது.

வணிகத்தோடு எழுத்து ஒட்டியே வளர்ந்தது என்பதற்கு இலக்கியச் சான்றுகள் பல. புகார் நகரில் சரக்குப் பொதிகள் மீது உரியவர் பெயரும் அடையாள எழுத்தும் பொறிக்கப்பட்டிருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. மணிமேகலையை இயற்றிய சாத்தனாரே கூலவாணிகர், அதாவது தானிய வணிகர், என்பது மரபு. அக்காப்பியத்தில் கப்பல் உடைந்து நாகர் நாட்டில் கரையேறும் சாதுவனும் வணிகனே. சாதுவன் சென்ற நிலத்தை நிக்கோபார்த் தீவுகளோடு தொடர்புபடுத்துவார் உளர். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் 'மாநக்கவாரம்' நிக்கோபாரே என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆக, இத்தீவுகள் தமிழ்ப் பதிவுகளில் இடம்பெற்றதற்குக் காரணம் கடல்வழியும் அவ்வழிச் சென்ற வணிகமும் படையுமே எனலாம்.

ராஸ் தீவின் கடைச்சுவர்

1858 மார்ச்சில் ஜே.பி.வாக்கர் 200 கைதிகளுடன் அந்தமான் வந்து சேர்ந்தார். அதுமுதல் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ராஸ் தீவு தண்டனைக் குடியிருப்பின் தலைமையிடமாக விளங்கியது. 0.3 சதுர கிலோமீட்டர் அளவேயுள்ள இச்சிறு தீவில் தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், மருத்துவமனை, அச்சகம், ரொட்டிக்கூடம் ஆகியவற்றோடு ஒரு கடையும் இருந்தது. பர்சந்த் அலி கடை என்னும் பெயரால் அதன் இடிபாடு இன்றும் சுட்டப்படுகிறது. 1941 சூன் 26இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தாலும், 1942 மார்ச்சு முதல் 1945 வரை நீடித்த சப்பானிய ஆட்சியாலும் தீவு சிதைந்து கைவிடப்பட்டது. 1979இல் இந்தியக் கடற்படையின் பொறுப்பில் வந்தது. 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்றது.

இன்று அங்குள்ள செங்கற் சுவர்களை ஆல், அத்தி இன மரங்களின் வேர்கள் பின்னிப் பிடித்துள்ளன. வேரை வெட்டினால் சுவர் சரியும். விட்டுவைத்தால் சுவர் மெல்லப் பிளக்கும். கட்டடப் பொறியியல் சார்ந்த இவ்விடர்ப்பாட்டினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. கடையின் பெயர் நிற்கிறது. அதன் கணக்கேடு நம் கையில் இல்லை. போர்க்காலத்தில் போர்ட் பிளேர் நிருவாகத்தின் பழைய பதிவேடுகளில் பெரும்பகுதி அழிந்தமையால் அரசு ஏடுகளைக் கொண்டு அக்குறையை ஈடுசெய்வதும் எளிதன்று.

இங்கு 1964இல் உருவான வெனிஸ் சாசனத்தின் கோட்பாடு ஒன்று கருதத்தக்கது. சீரமைப்பு என்பது மூலப்பொருளையும் உண்மையான சான்றேடுகளையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். ஊகம் தலைகாட்டும் இடத்தில் அது நின்றுவிட வேண்டும் என்பது அதன் கருத்து. இதன்படி பர்சந்த் அலி கடையின் சுவரைத் தாங்கி நிறுத்தலாம். அடுக்குப் பலகைகளை அமைத்து, சரக்குகளைப் பரப்பி, 'இவ்வாறு இருந்தது' என்று காட்ட இயலாது. ஏடு இல்லாத இடத்தில் ஊகம் வாயிற்படியிலேயே தொடங்கிவிடுகிறது.

ஜான் டே நகரின் கடை

இதற்கு நேர்மாறான சான்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ளது. ஜான் டே என்னும் சிற்றூரில் 'கம் வா சுங்' என்னும் கடையைச் சீனக் குடியேறிகளாகிய இங் ஹே, லுங் ஆன் இருவரும் 1880களின் இறுதி முதல் நடத்தினர். பொன் தேடிச் சென்ற சீனத் தொழிலாளர்க்கு அது மளிகைக் கடை; மருந்துக் கடை; வழிபாட்டிடம்; தங்குமிடம்; கடிதம் எழுதவும் படிக்கவும் துணைசெய்த இடம். லுங் ஆன் 1940இல் மறைந்தார். முதுமையடைந்த இங் ஹே 1948இல் கடையைப் பூட்டி நீங்கினார்; 1952இல் மறைந்தார். அருங்காட்சியகமாக்க வேண்டும் என்னும் நோக்கில் கட்டடம் 1950களில் நகராட்சியிடம் அளிக்கப்பட்டது. ஆயினும் 1960களின் பிற்பகுதிவரை அது கவனிப்பாரற்றுக் கிடந்தது.

கதவு திறக்கப்பட்டபோது சரக்குகளும் நூற்றுக்கணக்கான மூலிகைகளும் கடிதங்களும் கணக்குத் தாள்களும் வைத்தவாறே இருந்தன. காசாக்கப்படாத காசோலைகளும் கிடைத்தன. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 23,000 டாலர் எனக் கூறப்படுகிறது. ஊர் ஆர்வலர்களும் நகராட்சியும் மாநில அரசும் இணைந்து 1970களில் அதனைச் சீரமைத்தனர். 2005இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இம்மீட்பில் சீனமொழி அறிந்தோர் ஆற்றிய பணி நம் கவனத்திற்குரியது. கடிதங்களும் கணக்குகளும் மொழிபெயர்க்கப்பட்ட பின்னரே அக்கடை ஒரு சமூகத்தின் வரலாறாக விரிந்தது. கடையின் கதை 1979இல் நூலாகவும் வெளிவந்தது. கூரையை ஒழுகாமல் காத்தவர் ஊரார். உள்ளிருந்த குரலைக் கேட்கச் செய்தவர் மொழி அறிந்தோர்.

தமிழகத்து முயற்சிகள்

தமிழகத்திலும் இவற்றையொத்த முயற்சிகள் உண்டு. 1984இல் தோன்றிய சென்னைக் கைவினை அறக்கட்டளை முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவை 1996இல் திறந்தது. இடிக்கப்படவிருந்த வீடுகளின் தூண், கதவு, உத்திரம் ஆகியன பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கு மீண்டும் பொருத்தப்பட்டன. செட்டிநாட்டு வணிகர் வீடு அவற்றுள் ஒன்று. புதுச்சேரியில் கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி எனப்படும் வைசியாள் வீதி 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் திண்ணை, தாழ்வாரம் ஆகிய கூறுகளோடு சீரமைக்கப்பட்டது. 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. இவை கட்டடத்தை மையமாகக் கொண்ட முயற்சிகள்.

ஏட்டை மையமாகக் கொண்ட முயற்சிக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா சான்றாவார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான அவர் நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றித் திருமண அழைப்பிதழ், துண்டறிக்கை போன்றவற்றையும் தம் சொந்த முயற்சியில் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. அதுவே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. பிறர் குப்பை எனக் கருதியவை ஆய்வு மூலங்களாயின. கட்டடமும் ஏடும் இவ்வாறு தனித்தனியே காக்கப்பட்டனவேயன்றி, கடையொன்றை அதன் ஏட்டோடு சேர்த்துக் காக்கும் பணி நம்மிடையே பரவலாக வேரூன்றவில்லை.

கணக்கேட்டின் மொழி

கடையேடு தனக்கெனத் தனிமொழி உடையது. நாள்வழி, சிட்டை, பேரேடு, ஐந்தொகை, பற்று, வரவு, நிலுவை முதலிய சொற்கள் ஒருபுறம். சுருக்கக் குறியீடுகள் மறுபுறம். நாள் (௳), மாதம் (௴), ஆண்டு (௵), பற்று (௶), வரவு (௷), மேற்படி (௸) ஆகிய குறிகள் 2003இல் ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டன. கணினியில் இடம்பெற்ற இக்குறிகளை இயல்பாகப் படிக்கவல்லோர் அருகி வருகின்றனர். தமிழ் எண்களையும் அரை, கால், மாகாணி முதலிய கீழ்வாய்க் கணக்கையும் அறிந்தோர் நிலையும் அதுவே.

அளவைகளும் அவ்வாறே. 40 பலம் கொண்டது ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. 1956ஆம் ஆண்டின் எடை, அளவுத் தரச் சட்டத்தாலும், 1957 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த பதின்ம நாணய முறையாலும் இவை படிப்படியே வழக்கொழிந்தன. ஆகவே 1950களின் கடையேடு ஒன்றில் இரு அளவை முறைகளும் இரு நாணய முறைகளும் அடுத்தடுத்துக் காணப்பட வாய்ப்புண்டு. யார் எதைக் கடனாகப் பெற்றார், எம்மாதத்தில் கடன் மிகுந்தது, எப்பொருள் வீட்டுக்குள் புதிதாக நுழைந்தது என்பன அதனுள் பதிந்துள்ளன. அரசுப் பதிவேட்டில் எண்ணிக்கையாக மட்டும் நின்ற மக்கள் இவ்வேட்டில் பெயரோடும் பசியோடும் தோன்றுகின்றனர்.

டாலிகஞ்ச்: செய்யத்தக்கன

டாலிகஞ்ச், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்மாற்றம் பெற்ற போர்ட் பிளேரைச் சார்ந்த பகுதியாகும். 'கஞ்ச்' என்பது பாரசீக மூலமுடைய சொல். வட இந்திய ஊர்ப்பெயர்களில் சந்தை, தானியக் கிடங்கு என்னும் பொருள் தருவது. அந்தமானில் பெரார்கஞ்ச் போன்று ஆட்சியாளர் பெயரோடும் அது இணைந்துள்ளது. பின்னொட்டை மட்டும் கொண்டு அவ்விடத்தே சந்தை இருந்தது எனத் துணிதல் முறையன்று. ஆயினும் பல மொழியினர் கூடிய குடியிருப்புகளில் கடையே பொதுவிடமாக அமைவது இயல்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். கைதிகளாகவும் தொழிலாளராகவும் வணிகராகவும் வந்தோரோடு, 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி-சிறிமாவோ உடன்பாட்டின் விளைவாகத் தாயகம் திரும்பி, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்தோரும் இவர்களுள் அடங்குவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கச்சாலைக் கடுமையாகத் தாக்கியது. கடலருகே வாழ்வோர்க்கு ஏடு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தன்னார்வ முயற்சி இத்தீவுகளுக்குப் புதிதன்று. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறையின் ஏழு பிரிவுகளுள் மூன்றே எஞ்சின. அவையேனும் நிலைபெற்றதற்கு அங்குச் சிறையிருந்த விடுதலைப் போராட்டத்தினரும் அவர்தம் சங்கமும் விடாது வற்புறுத்தியமை ஒரு காரணமாகும். 1979 பிப்ரவரி 11இல் அச்சிறை தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. துன்பத்தின் சின்னத்தைக் காத்தது போல அன்றாட வாழ்வின் சின்னத்தையும் காத்தல் வேண்டும்.

டாலிகஞ்ச் போன்ற பகுதிகளில் பழைய கடையொன்றை மீட்க முனைவோர் முதலில் செய்யத்தக்கது பொருள்களை அகற்றாமல் படம்பிடித்துப் பட்டியலிடுதல். அடுத்து, குடும்பத்தாரின் இசைவோடு ஏடுகளை மின்படியாக்க வேண்டும். கடன்பட்டோர் பெயர்கள் அவற்றில் இருக்குமாதலால் வெளியிடுங்கால் அப்பெயர்களை மறைத்தல் அறமாகும். பின்னர் கடைக்காரரிடமும் வாடிக்கையாளரிடமும் வாய்மொழி வழக்காறுகளைப் பதிவு செய்தல் வேண்டும். தமிழும் இந்தியும் வங்கமும் தெலுங்கும் கலந்து வழங்கும் சரக்குப் பெயர்கள் சொல்லாய்வுக்குச் சிறந்த களமாகும். கட்டட வேலை இவற்றின் பின்னரே வர வேண்டும். அப்போதும் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவருக்குச் சிமெண்டு பூசுதல் ஆகாது. அது ஈரத்தை உள்ளே தேக்கிச் செங்கல்லை அரிக்கச் செய்யும்.

முடிவுரை

ராஸ் தீவில் சுவரும் பெயரும் எஞ்சின. ஜான் டே நகரில் ஏடும் பொருளும் எஞ்சின. முன்னதைத் தாங்கி நிறுத்த மட்டுமே இயலும். பின்னதை மீட்க முடிந்தது. ஒரு கடையை எந்த அளவுக்கு மீட்கலாம் என்பதை அதன் ஏடுகளே வரையறுக்கின்றன என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிபாகும். செங்கல்லும் மரமும் அறிந்த தன்னார்வலர் எங்கும் கிடைப்பர். பற்றுக்குறியையும் மாகாணியையும் படித்துச் சொல்லத் தமிழ்த் துறைகளே ஆளனுப்ப வேண்டும். கல்வெட்டுப் படிக்கவும் சுவடி பதிப்பிக்கவும் மாணவரைப் பயிற்றும் துறைகள், கடைக் கணக்கேட்டையும் பாடத்தில் சேர்த்தால், அக்குறிகளை இன்னும் அறிந்திருக்கும் முதியோரிடமிருந்து அவ்வறிவைப் பெற்றுக்கொள்ளலாம். அம்முதியோர் இருக்கும்வரையே அது இயலும்.