1942 கொழும்பு வான் தாக்குதல்: சர்ச்சிலின் விளக்கமும் சப்ரகமுவ இறப்பரும்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றின் தொகை 125 என்றும் 127 என்றும் வேறுபடுகிறது. பிரித்தானியக் கீழைக் கடற்படையைத் துறைமுகத்துக்குள்ளேயே அழிப்பதுதான் நோக்கம். டெனடோஸ், ஹெக்டர் ஆகிய கப்பல்கள் அங்கே மூழ்கின. டோர்செட்ஷையர், கோர்ன்வால் என்னும் இரு குரூசர்கள் அன்று பிற்பகல் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஆனால் தேடிவந்த கடற்படை அகப்படவில்லை.

ஜப்பானியரின் இத்தோல்விக்குச் சர்ச்சில் தமது போர் வரலாற்றின் நான்காம் தொகுதியில் தந்த விளக்கமே நெடுங்காலம் நிலைத்தது. கொழும்பின் கடும் எதிர்ப்பும் விமான இழப்பும் ஜப்பானியரைத் தயங்கவைத்தன என்பது அவர் வாதம். அதற்கு அவர் ஊன்றிய தூண் ஓர் எண்: வீழ்த்தப்பட்ட எதிரி விமானங்கள் 21. ஜப்பானியப் பதிவுகளின்படி கொழும்பில் இழந்தவை 7 மட்டுமே. தம் பக்கம் 19 போர் விமானங்களும் 6 சுவார்ட்பிஷ் விமானங்களும் போயின என்று சர்ச்சிலே எழுதுகிறார். ஆக, அவர் தரும் சொந்த இழப்பை ஜப்பானியப் பதிவோடு ஒப்பிட்டால் எதிரியின் ஒன்றுக்குக் காவலரின் மூன்றுக்கு மேல் அழிந்திருக்கிறது. வான்சண்டையின் பரபரப்பில் ஒரே விமானத்தைப் பலர் தமதாகக் கணக்கிடுவது எந்தப் படையிலும் நேர்வதுதான். அக்கணக்கின் மீது ஒரு போரின் காரணத்தைக் கட்டுவதே பிழை. மேலும், அஞ்சிய படை நான்கே நாளில் திரும்பி வந்திராது. ஏப்ரல் 9இல் அதே கப்பற்படை திருகோணமலையைத் தாக்கியது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் விமானந்தாங்கியையும் மூழ்கடித்தது.

காவல் ஏற்பாடு வலுவாக இருந்தது என்பதையும் ஏற்க இயலாது. கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சல், முதல் நாளே கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தார். அப்படியிருந்தும் இரத்மலானை விமானத்தளத்தில் விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி வந்துசேர்ந்தான். கொழும்பிலிருந்த ராடர் ஏன் எச்சரிக்கவில்லை என்பதற்குத் தரப்படும் விளக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அக்கேள்வி திறந்தே கிடக்கிறது. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைந்த ஓடுபாதை தப்பியதற்குக் காரணம், அப்படி ஒன்று இருப்பதை ஜப்பானியர் அறியாததே.

தோல்வியின் வேர் இந்த அறியாமைதான். கீழைக் கடற்படைத் தலைவர் அட்மிரல் சொமர்வில் மாத முதல் நாளையொட்டித் தாக்குதலை எதிர்பார்த்து இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி வராமற்போக, எரிபொருளும் நீரும் குறைந்து மாலைதீவின் அட்டுப் பவளத்தீவுக்குத் திரும்பினார். அத்தளம் ஜப்பானியருக்குத் தெரியாது. பிரித்தானியர் நாளைத் தவறாகக் கணித்ததே அவர்கள் கடற்படையைக் காத்தது என்று கூறுவது மிகையாகாது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவற்றையும் இலங்கைத் தளபதி அட்மிரல் லேட்டன் முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்.

இலங்கையைக் கைப்பற்றும் யோசனை ஜப்பானியக் கடற்படையில் இருந்தது. தரைப்படை அதற்குப் படைப்பிரிவுகளைத் தர மறுத்தது. எனவே நகுமோ வந்தது அடித்துவிட்டுத் திரும்பவே. இலங்கை கைப்பற்றப்படாததன் பொருளாதார விளைவைச் சப்ரகமுவவில் காணலாம். மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்குக் கிடைத்த இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இலங்கையுடையது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் புகையூட்டிய இறப்பர்த் தாள், ஓப்பநாயக்க வரை சென்ற களனிப் பள்ளத்தாக்கு ஒடுக்கப் பாதை ரயிலிலும் கொழும்புக்கு இறங்கியது. ஒரு காலைத் தாக்குதலால் அந்த ஓட்டத்தை நிறுத்த முடியாது. துறைமுகத்தை நீண்டகாலம் முடக்கியிருந்தால் மட்டுமே அது முடிந்திருக்கும்.

எதிரி விலகியபின் போரின் பளு மரத்தின் மேலும் பால்வெட்டும் தொழிலாளர் மேலும் விழுந்தது. 1939இல் இந்தியா தொழிலாளர் குடியகல்வைத் தடைசெய்திருந்ததால் புதிய ஆள்வரவு இல்லை. மரத்தின் ஆயுளைப் பாராமல் பட்டை முழுவதையும் வெட்டிப் பாலெடுக்கும் முறை ஊக்குவிக்கப்பட்டது. பட்டை தீர்ந்த அத்தோட்டங்களின் மறுநடுகைக்கு மானியம் வழங்கும் சட்டம் 1953இல்தான் வந்தது.