கார்பன் நேரயனி: பதிலீட்டுத் தொகுதிகளும் நிலைப்புத்தன்மையும்

மூன்று பிணைப்புகள் மட்டுமே கொண்டு, நேர்மின் சுமை தாங்கும் கார்பன் அணுவை உடைய அயனி கார்பன் நேரயனி எனப்படும். அந்தக் கார்பனைச் சுற்றி எட்டு எலக்ட்ரான்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் உண்டு. ஒரு பி ஆர்பிட்டால் காலியாகக் கிடக்கிறது. இந்தக் குறையை அக்கம்பக்கத்துத் தொகுதிகள் எந்த அளவு ஈடுகட்டுகின்றனவோ, அந்த அளவு அயனி நிலைக்கும்.

மூவிணைய அயனி ஈரிணையதைவிடவும், அது ஓரிணையதைவிடவும் நிலையானது என்பது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. அல்கைல் தொகுதிகளின் தூண்டல் விளைவு இதற்கு ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அடுத்த கார்பனிலுள்ள கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு எலக்ட்ரான்கள் காலி ஆர்பிட்டாலின் பக்கம் சாய்வது. இதை ஹைப்பர்கான்ஜுகேஷன் என்பர். எத்தில் அயனியில் இத்தகைய பிணைப்புகள் மூன்று, மூவிணைய பியூட்டைல் அயனியில் ஒன்பது. பின்னதை மீவலிமை அமிலத்தில் நேரடியாகக் கண்டறிந்த ஜார்ஜ் ஓலாவுக்கு 1994இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு தொகுதி எலக்ட்ரானைத் தருவதா இழுப்பதா என்று மட்டும் கேட்பது போதாது. அது எங்கே அமர்ந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். மெத்தாக்சி தொகுதி இதற்கு நல்ல சான்று. எச். சி. பிரவுனும் ஒகமோட்டோவும் பென்சீன் வளையம் கொண்ட கியூமைல் குளோரைடுகளை நீர் கலந்த அசிட்டோனில் வினைபுரியச் செய்து வேகத்தை அளந்தனர். இவ்வினையின் மெதுவான படியில் கார்பன் நேரயனி உருவாவதால், அயனி எவ்வளவு நிலையானதோ அவ்வளவு வேகம் கூடும். மெத்தாக்சி பாரா இடத்தில் இருந்தபோது வேகம் ஏறத்தாழ 3,400 மடங்கு கூடியது. மெட்டா இடத்தில் பாதியை ஒட்டிக் குறைந்தது. பாராவில் ஆக்சிஜனின் தனி எலக்ட்ரான் இரட்டை உடனிசைவின் மூலம் நேர்மின் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. மெட்டாவில் அந்த வழி அடைபட்டு, ஆக்சிஜனின் இழுப்பு மட்டும் மிஞ்சுகிறது. பாரா நைட்ரோ தொகுதியோ வேகத்தைப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவுக்கு வீழ்த்திவிடுகிறது.

பென்சீன் வளையங்களும் சுமையைப் பகிரும். நிறமற்ற டிரைஃபீனைல்மெத்தனாலை அடர் கந்தக அமிலத்தில் இட்டால் டிரைட்டைல் அயனி உருவாகி மஞ்சள் நிறம் தோன்றும். நீரில் ஊற்றினால் நிறம் மறையும். மூன்று வளையங்கள் இருந்தும் பலன் மும்மடங்காவதில்லை: இடநெருக்கடியால் அவை ஒரே தளத்தில் படுக்க முடியாமல் விசிறி இலைகள்போல் திருகி நிற்கின்றன.

அதே அயனியின் ஒவ்வொரு வளையத்திலும் பாரா இடத்தில் டைமெத்தில்அமினோ தொகுதி சேர்ந்தால் கிடைப்பது கிரிஸ்டல் வயலட். நைட்ரஜன்கள் சுமையைப் பெருமளவு ஏற்பதால் இது நீரிலேயே நிலைக்கிறது. கிராம் சாயமேற்றலுக்காக நுண்ணுயிரியல் ஆய்வகங்களின் அலமாரியில் இருக்கும் ஊதாப் புட்டியில் உள்ளது இந்த அயனிதான்.