தாய்ப்பாலின் குடல்காப்புக் கூறுகள்

தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளும் புரதங்களும் பச்சிளங்குழந்தையின் குடலில் நோய்க்கிருமிகள் நிலைகொள்ளாமல் தடுக்கின்றன. இவற்றுள் கிருமியைக் கொல்பவை சிலவே. அது ஒட்டவும் பெருகவும் வழியில்லாமல் செய்பவையே மிகுதி.

அளவில் முந்தி நிற்பவை ஒலிகோசாக்கரைடுகள் என்னும் சர்க்கரைகள். முதிர்ந்த பாலில் லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரையும், சீம்பாலில் அதைவிடக் கூடுதலாகவும் உள்ளன. 150க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு பொருளைத் தாயின் உடல் இவ்வளவு தாராளமாகச் சுரப்பது வியப்புக்குரியது. செரிக்காமல் பெருங்குடலை அடையும் இவற்றை உண்டு வாழும் பிஃபிடோபாக்டீரியங்கள் அசிட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகின்றன. அந்தப் புளிப்பில் பல தீய கிருமிகள் தழைப்பதில்லை.

கிருமியை ஏமாற்றுவதும் இச்சர்க்கரைகளின் வேலை. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் ஜெஜுனி, குடற்சுவரின் மேலுள்ள ஃபியூகோஸ் சேர்ந்த சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டுதான் தொற்றத் தொடங்கும். பாலில் வரும் 2'-ஃபியூகோசில்லாக்டோஸ் அவற்றை ஒத்த அமைப்புடையது. கிருமி சுவருக்குப் பதில் இதைப் பற்றி, மலத்தோடு வெளியேறிவிடுகிறது. மெக்சிகோ நகரக் குழந்தைகளைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், இச்சர்க்கரை மிகுந்த பாலைக் குடித்தவர்களுக்கு இவ்வகை வயிற்றுப்போக்கு குறைவாகவே வந்தது. எஃப்யூடி2 மரபணு செயல்படாத தாய்மாரின் பாலில் இது அநேகமாக இருப்பதில்லை.

புரதங்களில் லாக்டோஃபெரின் இரும்பைக் கவர்ந்துகொண்டு கிருமிகளைப் பட்டினி போடுகிறது. இரைப்பையில் பெப்சின் இதை வெட்டும்போது பிரியும் லாக்டோஃபெரிசின் என்னும் துண்டு கிருமியின் சவ்வையே சிதைக்கும். லைசோசைம் கிருமியின் செல்சுவரை அரிக்கும்.

சுரப்பு இம்யூனோகுளோபுலின் ஏ இன்னும் நுட்பமானது. தாயின் குடலில் ஒரு கிருமி நுழைந்ததும், அதை அறிந்த நோயெதிர்ப்புச் செல்கள் பால்சுரப்பிக்கு இடம்பெயர்ந்து, அக்கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைப் பாலில் சேர்க்கின்றன. இதனால் குழந்தை வளரும் வீட்டில் உலவும் கிருமிகளுக்கு எதிராகவே பாதுகாப்பு அமைகிறது.

பசும்பாலில் இவ்வகை ஒலிகோசாக்கரைடுகளும் லாக்டோஃபெரினும் மிகக் குறைவு. பசும்பாலிலிருந்து பிரித்த லாக்டோஃபெரினைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிரிட்டனின் எல்ஃபின் ஆய்வு 2,203 குழந்தைகளை உட்படுத்தியது. 2019இல் வெளிவந்த அதன் முடிவில் நோய்த்தொற்று குறையவில்லை. ஒரு கூறை மட்டும் தனியே பிரித்து ஊட்டினால் முழுப் பாலின் பயன் கிட்டும் எனக் கொள்வதற்கில்லை.

தாய்ப்பால் வங்கிகளில் 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கும்போது லாக்டோஃபெரினும் எதிர்ப்பொருள்களும் ஓரளவு அழிகின்றன. ஒலிகோசாக்கரைடுகள் சிதையாமல் எஞ்சுகின்றன.