கடவுச்சீட்டு உறையும் ஃபாரடேயும்

மின்னணுக் கடவுச்சீட்டு வைத்திருப்போரில் சிலர் அதனை அலுமினியத் தாள் ஒட்டிய உறையில் வைத்துக்கொள்கிறார்கள். உள்ளிருக்கும் சிலிக்கான் சில்லை அயலார் படித்துவிடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். இவ்வுறையை 'ஃபாரடே கூண்டு' என்பர். ஆனால் ஃபாரடேயின் எந்தக் கண்டுபிடிப்பு இதில் வேலை செய்கிறது என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் தவறான ஆண்டே விடையாக வரும்.

கூண்டு 1836-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் விரிவுரைக் கூடத்தில் மைக்கேல் ஃபாரடே 12 அடிப் பக்கமுள்ள கனசதுர அறை ஒன்றை அமைத்தார். மரச்சட்டத்தின்மீது குறுக்கும் நெடுக்குமாகச் செப்புக்கம்பி, காகிதம், வெள்ளீயத் தாள் பட்டைகள். அதற்கு மின்னூட்டியபோது வெளிப்புறமெங்கும் பொறி பறந்தது. மெழுகுவர்த்தியும் மின்னோக்கியுமாக உள்ளே இருந்த ஃபாரடேக்கோ மின்சாரத்தின் சுவடே தென்படவில்லை! மின்னூட்டம் கடத்தியின் வெளிப்பரப்பிலேயே தங்குகிறது.

இது நிலைமின்னியல். கடவுச்சீட்டைப் படிக்கும் கருவியோ வினாடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை மாறும் காந்தப்புலத்தைக் கையாள்கிறது. ஆகவே நாம் 1831 ஆகஸ்ட் 29-க்குச் செல்ல வேண்டும். அன்று ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச்சுருள்களைச் சுற்றியிருந்தார். ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மற்றதில் மின்னோட்டம் தோன்றியது. கடவுச்சீட்டில் மின்கலம் கிடையாது. கருவியில் ஒரு சுருள், சீட்டில் ஒரு சுருள். இரும்பு மட்டுமே இல்லை! தூண்டப்பட்ட மின்னோட்டமே சில்லை இயக்குகிறது.

இடையில் அலுமினியத் தாள் வந்தால் அதிலும் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படும். 1834-இல் வெளியான லென்ஸ் விதிப்படி அவை தம்மை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும். சில்லை எழுப்பும் விதியே அதனை உறங்கவும் வைக்கிறது.

சில்லு பதித்த கடவுச்சீட்டை முதன்முதலில் வழங்கிய நாடு மலேசியா (1998). அமெரிக்க அரசு 2005-இல் தன் திட்டத்தைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்டபோது 2,335 கருத்துரைகள் வந்தன; 98 விழுக்காட்டுக்கு மேல் எதிர்ப்பு. அதன் பயனாக, 2006-இல் வெளிவந்த கடவுச்சீட்டின் அட்டையில் உலோகத் தடுப்பு சேர்ந்தது. உள்பக்கத்தில் அச்சிட்ட எண்ணையும் தேதிகளையும் முதலில் படித்தாலொழியச் சில்லு திறக்காத பூட்டும் சேர்ந்தது. என் கருத்தில் பெரிய காவல் இந்தப் பூட்டுதான். இந்தியாவிலும் 2024-இல் சோதனை முறையில் சில்லுக் கடவுச்சீட்டு தொடங்கியது.

உறை செய்வது எளிது. கெட்டி அட்டை இரண்டின் நடுவே சமையலறை அலுமினியத் தாளை இரண்டாக மடித்து ஒட்டி, பை போல மடியுங்கள். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். கிழிசல் இருந்தால் சுழல் மின்னோட்டத்தின் பாதை அறுபடும். கைப்பேசியை உள்ளே வைத்து மணி அடிக்கிறதா என்று பார்ப்பது சரியான சோதனையாகாது; அதன் அதிர்வெண் வேறு. இத்தகைய சில்லுகளைப் படிக்கும் கைப்பேசியை உறைக்கு வெளியே ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். விமான நிலையத்தில் மட்டும் சீட்டை உறையிலிருந்து எடுத்து நீட்ட வேண்டும்.